கட்டிலோடு கட்டிய தொட்டில்

பாலேஸ்வரியின் முதல் பிள்ளை இருபத்தொரு நாள் இருந்தது. இருபத்திரண்டாம் நாள் விடியும்போது அவளுக்குப் பக்கத்தில், அதே மெத்தையில், குளிர்ந்து கிடந்தது. தாய்க்காரி நித்திரையில் புரண்டு படுத்துவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. டாக்குத்தர் அப்படிச் சொல்லவில்லை. காரணம் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார். டாக்குத்தர் சொன்னதைக் கேட்க ஊருக்கு எங்கே நேரம்? புருஷன் தியாகராசா ஒன்றுமே சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாததுதான் அவளைத் தின்றது.

ஆறு வருஷம் கழித்து இரண்டாவது தங்கியபோது அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. பிள்ளை அவள் கைக்கு எட்ட வேண்டும், உடம்புக்கு எட்டக்கூடாது. சேலையில் ஏணை கட்டலாம் என்றாள் அவளுடைய தாய். சேலைக்குள் சுருண்டு கிடக்கிற பிள்ளையின் முகம் படுக்கையிலிருந்து தெரியுமா? பாலேஸ்வரிக்கு முகம் தெரிய வேண்டும்.

அவள் தேடிய தொட்டில் முஸ்லிம் சனம் வாழும் சோனகத் தெருவில், அவளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் றஷீதாவின் வீட்டில் இருந்தது. தச்சுவேலை செய்யும் அவள் புருஷன் ஹசன், மகன் பிறந்ததும் தன் கையால் செய்தது. மூன்று பக்கம் சட்டம், நாலாவது பக்கம் திறந்தபடி. கட்டிலோடு அணைத்து வைத்தால் இரண்டு மெத்தையும் ஒரே மட்டத்தில் வரும். பாலேஸ்வரி அதைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்காத கேள்வியில்லை. றஷீதாவும் சலிக்காமல் சொன்னாள்.

“சட்டத்துக்கு இடையிலை மூண்டு விரலுக்கு மேலை போகக்கூடாதக்கா. பிள்ளையின்ரை தலை சிக்கிப்போடும். தலையணை வையாதேங்கோ. முக்கியமா, தொட்டில் காலைக் கட்டில் காலோடை இறுக்கிக் கட்டோணும். இடைவெளி விழுந்தா பிள்ளை அதுக்குள்ளை இறங்கிடும்.”

“எனக்கு மாசியிலைதான்.”

“மாசிக்கு இவனுக்கு ஆறு மாசம். எழும்பி இருக்கத் தொடங்கினா இதிலை விடேலாது. பிறகு இது உங்களுக்குத்தான்.”

அந்த மாசி வரும்வரை யார் பொறுத்தார்கள்? தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபர் முப்பதாம் திகதி, ஊரைக் கையில் வைத்திருந்த ஆயுத இயக்கம் ஒலிபெருக்கியில் முஸ்லிம் சனத்தை மைதானத்துக்குக் கூப்பிட்டது. இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகவேண்டும் என்றது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த சனத்துக்கு இரண்டு மணித்தியாலம்.

செய்தி கேட்டு பாலேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். றஷீதா ஒரு பெட்சீற்றில் பிள்ளையின் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். முதல் மாதத்திலேயே அவளுக்குப் பால் வற்றிவிட்டது. மகன் பால்மாவில்தான் வளர்ந்தான். மூட்டைக்குப் பக்கத்தில் பால்மாத் தகரப் பேணியும், சிவப்புப் பூப்போட்ட சுடுதண்ணிப் போத்தலும் இருந்தன.

“சந்தியிலை எல்லாத்தையும் பறிக்கிறாங்களாம் அக்கா. உங்கடை தம்பி தவம்தான் நிக்கிறாராம். ஒருக்காப் போய்க் கதையுங்கோ. நகையை எடுக்கட்டும். போத்தலையும் பேணியையும் விட்டாக் காணும். எழுபது நாள் பிள்ளை.”

“ஓம், நான் கதைக்கிறன்.”

கதைக்கத்தான் போனாள், அதில் பொய்யில்லை. போகிற வழியில் இரண்டு இயக்கப் பெடியள் வெறுமையான வீடுகளைப் பூட்டித் திறப்புகளை ஒரு வளையத்தில் கோத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கிடப்பதெல்லாம் இனி இயக்கத்துக்கு என்று ஒருவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. அதோடு அவள் நடை தளர்ந்தது. இரவெல்லாம் கண்ணுக்குள் நின்ற தொட்டில் பூட்டுக்குள் போகப்போகிறது.

சந்தியில் தவம் தோளில் துவக்கோடு நின்றான். அவளைக் கண்டதும் முகத்தைச் சுளித்தான்.

“என்னக்கா? பொறுப்பாளர் பாத்துக்கொண்டு நிக்கிறார். ஒண்டெண்டால் கெதியாச் சொல்லுங்கோ. எல்லாருக்குமாக் கதைக்க வெளிக்கிடாதேங்கோ.”

பாலேஸ்வரி வாயைத் திறந்தாள்.

“றஷீதா வீட்டிலை ஒரு தொட்டில் கிடக்கு. அதை நான் எடுக்கலாமோ?”

“இவ்வளவுதானே? பின்னேரம் கொண்டுவாறன். வீட்டை போங்கோ.”

அவள் போகவில்லை. போயிருக்கலாம். அதற்குள் வரிசையில் றஷீதா வந்துவிட்டாள், பின்னால் மூட்டையோடு ஹசன். தவத்துக்குப் பக்கத்தில் பாலேஸ்வரி நிற்பதைக் கண்டதும் றஷீதாவின் முகம் தெளிந்தது. சந்தியில் போட்டிருந்த மேசைக்குப் பின்னால் நின்ற இன்னொருவன் அவள் தோட்டைக் கழற்றச் சொன்னான், கழற்றினாள். போத்தலை வாங்கிக் குவியலில் வைத்தான், பேணியையும் வைத்தான். றஷீதா அவனைப் பார்க்கவில்லை, பாலேஸ்வரியைத்தான் பார்த்தாள். பாலேஸ்வரி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். வாரில் ஒரு பிழையும் இல்லை.

சொன்ன சொல் தவறாமல் பின்னேரம் தவம் வந்தான். தொட்டில் பலகை பலகையாகக் கழற்றி, கயிற்றால் கட்டியிருந்தது. ஆணிகள் தனியே ஒரு துணி முடிச்சில் இருந்தன.

“நீயே கழட்டினனி?”

“இல்லையக்கா. இப்பிடியே கதவடியிலை சாத்திக் கிடந்தது. மேலை உங்கடை பேர் எழுதின கடதாசி. நீங்கள் கேக்காட்டிலும் கொண்டந்திருப்பன், பேரைக் கண்டிட்டு விடுவனே?”

இருந்த இரண்டு மணித்தியாலத்தில் இதற்கும் நேரம் ஒதுக்கியிருந்தாள் அந்தப் பாவி மனுசி. பாலேஸ்வரி கடதாசியைப் பிரித்தாள். கொப்பியில் கிழித்தது.

“பாலேஸ் அக்காவுக்கு. ஆணி எட்டு, எண்ணிப் பாருங்கோ. கயிறு புதுசு, காலோடை கட்ட. தலையணை வேண்டாம். தம்பியோடை கதைச்சதுக்குப் பெரிய உபகாரம் அக்கா. றஷீதா.”

அவள் அதைத் தியாகராசாவுக்குக் காட்டவில்லை. ஒருவருக்குமே காட்டவில்லை.

மாசியில் பெண்பிள்ளை பிறந்தது. எட்டு ஆணியும் சரியாக இருந்தன. தொட்டில் காலைக் கட்டில் காலோடு தியாகராசா கட்ட, அவள் அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினாள். தலையணை வைக்கவில்லை. படுத்தபடியே பார்த்தால் பிள்ளையின் முகம் தெரிந்தது, மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. அவள் கண்ணை மூடவில்லை. மத்தியானத்திலும் மூடவில்லை.

“இனிக் கொஞ்சம் நித்திரை கொள்ளன். பிள்ளைக்கு ஒண்டும் வராது” என்றான் தியாகராசா.

“பிள்ளைக்கு எழுபது நாள்” என்றாள் அவள்.

“எட்டு நாள்தானே” என்று அவன் திருத்தினான்.