நெற்றிக் கெமரா

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், நியூயோர்க்கையும் ஷங்காயையும் ஏற்கனவே புரட்டிப்போட்டுவிட்ட செயற்கை நுண்ணறிவு என்னும் உலகமகா சக்தி, மனிதகுலத்தின் எதிர்காலத்தைக் கையில் ஏந்தியவாறு, ஒரு திங்கட்கிழமை காலை றக்வானைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவுக்கு எழுந்தருளியது. பஸ்ஸில்தான் வந்தது. அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த கொழும்புக் கொம்பனியின் தனுஷன், வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தான்.

காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வேலைக்கு வந்து நின்ற பெண்களுக்கு அவன் விளக்கினான். பெட்டிக்குள் இருப்பது ஒரு சின்னக் கெமரா. யாராவது ஒருவர் அதை நெற்றியில் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க வேண்டும். கைகள் செய்வதை அது படம் பிடிக்கும். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எங்கோ வெளிநாட்டில் ஓர் இயந்திரம் கொழுந்து பறிக்கப் பழகும். உலகப் பொருளாதாரமே தலைகீழாகும் விஷயம் இது. பெண்களுக்கோ அதில் ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது: யாருடைய நெற்றி?

மெட்டில்டா தலைத்துணியை மேலே தள்ளி நெற்றியில் இடம் ஒதுக்கிவிட்டாள். அந்தப் பிரிவில் அவளைப் போலப் பறிக்க ஆளில்லை. வருடா வருடம் அதற்காகத் தோட்டம் கொடுத்த பிளாஸ்க்குகள் அவள் வீட்டு அலமாரியில் சுடுதண்ணீரையே காணாமல் வரிசையாக நிற்கின்றன. ஆனால் பீல்ட் ஒபிசரின் விரல் அவளைத் தாண்டிப் போய் ஜொய்சியைக் காட்டியது.

ஜொய்சி, மெட்டில்டாவின் ஓரகத்தி. கொழுந்தனின் பெண்சாதி. ஒரே லய வீட்டு வரிசை, பக்கத்துப் பக்கத்துக் காம்பரா, நடுவில் கூரையைத் தொடாத ஒரு சுவர். அந்தப் பக்கம் புதுச் சட்டி வந்தால் இந்தப் பக்கம் சோறு இறங்காது.

“ஐயா, அவ பறிக்கிற அழகு ஒங்களுக்குத் தெரியும்தானே?” என்றாள் மெட்டில்டா.

ஒபிசருக்குப் பதிலாகத் தனுஷன் பணிவாகச் சொன்னான். “தெரிஞ்சுதான் அக்கா எடுத்தோம். ரொம்ப வேகமும் வேணாம், ரொம்ப மெதுவும் வேணாம். நடுத்தரமான ஆளுதான் மெஷினுக்கு நல்லம்.”

நடுத்தரமாக இருப்பதற்கு இந்த உலகத்தில் ஒரு பதவி உண்டு என்பதை இத்தனை வயதுவரை யாரும் மெட்டில்டாவிடம் சொல்லியிருக்கவில்லை. தெரிந்திருந்தால் அவளும் முதுகு வலிக்காமல் வாழ்ந்திருப்பாள்.

சாயங்காலம் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே அவள் புருஷன் அந்தனி சிரித்தான். “லூசா ஒனக்கு? மெஷின் பழகிருச்சின்னா ஒங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிருவானுங்க. அதுக்குப் போயி போட்டி போடுற.”

“அனுப்பட்டும். எனக்கு வேலை போனா அவளுக்கும்தானே போகும்? ஆனா போறதுக்கு முந்தி அவ மட்டும் பேரெடுத்துட்டுப் போகக்கூடாது.”

அடுத்த நாள் ஜொய்சி பவுடர் அப்பி, லிப்ஸ்டிக் பூசி, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டி, அதற்கு மேல் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்தாள். “அனே அக்கா, ஜப்பான்லயெல்லாம் பாப்பாங்களாம். மூஞ்சி நல்லா இருக்கா?”

“பேக்கரிப் பனிஸுக்கு மேல சீனி கொட்டுன மாதிரி இருக்கு” என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்த மெட்டில்டா அப்படியே நின்றாள். ஜொய்சியின் நெற்றியிலிருந்த கெமரா ஜொய்சியைப் பார்க்கவில்லை. அது மெட்டில்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பவுடர் ஜப்பானைக் காணவே போவதில்லை. ஜொய்சி கெமராவைத் தாங்கும் கம்பு, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஜொய்சி தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் மெட்டில்டா நின்றாள். செடிக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, நாடியைத் தூக்கி, இரண்டு கைகளும் பறக்க, ஜப்பானுக்காக ஒரு புன்னகையும் வைத்துக்கொண்டு பறித்தாள்.

“மலை பூரா கெடக்கே அக்கா, ஏன் என் மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கிறீங்க?”

“ஏன், இது ஒங்கப்பன் சீதனமா குடுத்த மலையா?”

வெள்ளிக்கிழமை பகல், தனுஷன் போனில் வீடியோவைக் காட்டினான். பெண்கள் முண்டியடித்துக்கொண்டு குனிந்தார்கள். திரை நிறைய ஜொய்சியின் கைகள், நகக்கண்ணில் படிந்த கறைகூடத் தெளிவாக. செடிக்குப் பின்னால் ஒரு பெண் விறுவிறுவென்று பறித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கழுத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் இருந்தது.

“இது யாரு?”

“நீங்கதான் அக்கா.”

“என் மூஞ்சி எங்க?”

“மத்தவங்க மூஞ்சி படத்துல வரக்கூடாதுன்னு கொம்பனிச் சட்டம். மெஷினே தானா மறைச்சிரும். அதுக்குக் கை மட்டும்தான் வேணும்.”

ஜொய்சி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். “ஐயோ அக்கா, நாளெல்லாம் பல்லக் காட்டிக்கிட்டே நின்னீங்களே!”

மெட்டில்டாவுக்குக் காது மடல் சுட்டது. பரிசு வாங்கும்போதுகூட ஒருவரிடமும் குனியாதவள், தன் மகன் வயதுப் பையனிடம் தாழ்ந்த குரலில் பேசினாள். “தம்பி, திங்கக்கெழமை எனக்குக் கட்டி விடுங்க. நடுத்தரமாவே பறிக்கிறேன். மாதா மேல சத்தியமா.”

இன்னொரு சோடிக் கையும் தேவைதான் என்றான் அவன். ஜொய்சியின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று மெட்டில்டாவுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சங்காயும் சாம்பலும் போட்டுக் கைக்கறையைத் தேய்த்தாள். தோல் எரிந்தது, கறை பாதிதான் போனது. மீதியை மறைக்க நகங்களில் சிவப்புக் கியூடெக்ஸ் பூசிக்கொண்டாள். பிறகு பின்பக்கத்துச் செம்பரத்தை வேலியில் மெதுவாகப் பறித்துப் பழகினாள். பழக்கதோஷத்தில் கைகள் ஓடின. இழுத்துப் பிடித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜொய்சி பின்னேரம் முழுக்கச் சட்டிகளைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில் மெட்டில்டா கியூடெக்ஸ் உரிந்துவிடாதபடி விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். தனுஷனைக் காணவில்லை.

“அந்த வேலை முடிஞ்சிருச்சி” என்றார் ஒபிசர். “கெமராவ எல்லாம் கென்யாவுக்கு அனுப்பிட்டாங்களாம்.”

மெட்டில்டாவும் ஜொய்சியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். “அங்க யாருக்குக் கட்டப்போறாங்க?”

ஒபிசருக்கு அது தெரியவில்லை. கென்யாவில் கூலி குறைவு என்பது மட்டும் தெரிந்திருந்தது.