சுரண்டிய சுவர்

கடல் உள்வாங்கிய நேரத்தில் பார்பாவுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. மோர்பிஹான் வளைகுடாவில் கடல் ஏறி இறங்கும் ஓதம் தினமும் முக்கால் மணி நேரம் தள்ளித்தான் வரும். ஓதத்தில் ஓடும் அவள் மாவு ஆலைச் சக்கரமும் அப்படியே. கணவன் செத்துப்போன இந்த எட்டு வருடமாக அவள் தூக்கமும் அப்படியே.

ஆலையையும், அதற்கு முன்னால், இறங்கும் கடலில் மீனை மடக்கச் சேற்றில் வளைந்து கிடந்த மீன்பிடிக் கற்சுவரையும் மடத்துச் சாமியார்கள் ஒரே குத்தகையாக விட்டிருந்தார்கள். ஒன்று போனால் இரண்டும் போகும். புதிதாகக் கட்டிய மீன்சுவர்களை இடிக்கும்படி அரசர் உத்தரவு. அதற்காக வந்த அதிகாரி கைத்தடியால் கல்லைத் தட்டினார்.

"பாசி இல்ல, சிப்பி இல்ல. போன வருஷம் கட்டினது மாதிரி இருக்கு."

"எங்க மாமனாரோட தாத்தா காலத்துதுங்க ஐயா."

"கல்லு அப்படிச் சொல்லலையே."

சுவரை நல்லபடி வைத்திருக்க வேண்டும் என்று குத்தகைச் சீட்டில் எழுதியிருந்தது. மடத்துக் காரியஸ்தர் பார்வைக்கு வரும்போது குறை சொல்லக்கூடாதென்று, சரிந்த கல்லுக்குப் புதுக்கல் வைத்து, மிச்சக் கல்லில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் கோடைதோறும் சுரண்டியது அவள்தான்.

"நான் அப்பவே சொன்னேன் அண்ணி," என்றான் கொழுந்தன் லொரான்ஸ். "கடலுக்கு முகம் கழுவி விடாதீங்கன்னு."

"வாய மூடிட்டு மண்வெட்டிய எடு."

அவள் சுரண்டாத அடிக்கல்லைத் தேடி இருவரும் சுவரின் அடியில் சேற்றைத் தோண்டினார்கள். வெட்ட வெட்டக் குழி மூடிக்கொண்டது. தூரத்தில் தண்ணீர் கரையை நோக்கித் திரும்பிவிட்டது.

"போதும்மா," என்றார் அதிகாரி. "என் பூட்ஸு நனையுது."

"இன்னும் ஒரு சாண், ஐயா."

அவள் மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டாள். விரலில் ஏதோ கீறியது.

"இங்க கைய வச்சுப் பாருங்க."

அவர் முகம் சுளித்து, சட்டைக் கையை மடித்துக் குனிந்தார். அடி வரிசைக் கல்லில் செத்த சிப்பிகள், ஒன்றின் மேல் ஒன்றாக, நாலு விரல் கனத்துக்கு. வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

"சரி, பழசுதான். அப்படியே எழுதிக்கறேன். இனிமே சுரண்டித் தொலைக்காத."

அவர் அவசரமாகக் கரையேறினார்.

"குத்தகை நம்மளுதுதான் அண்ணி! இன்னும் ஒன்பது வருஷம்!"

"ஒன்பதா?" பார்பா சுவரின் மேல் உட்கார்ந்தாள். விரலில் ரத்தம் கசிந்தது. ஏறும் கடல் மதகு வழியாக ஆலைக்குளத்தை நிரப்பி மறுபடி இறங்கினால் சக்கரம் ஓட வேண்டும்; அதுவரைதான் தூக்கம்.

"நீ போய் மதகப் பாரு. நான் இங்கயே கொஞ்சம் கண்ண மூடறேன். தண்ணி முழங்காலுக்கு வரட்டும், எந்திரிச்சு வர்றேன்."