தீபாவளி வரைக்கும்

ஷூவின் நாடாவில் இரண்டு முடிச்சு. அம்மிணி புருஷனின் காலடியில் உட்கார்ந்து நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். மழையில் ஊறி, லாரியில் வரும் வழியில் காய்ந்து, முடிச்சு நன்றாக இறுகிப் போயிருந்தது.

"கத்திரிக்கோலால நறுக்கிடுங்கோ. அஸ்தமிக்கறதுக்குள்ள எடுத்தாகணும்" என்றார் சாஸ்திரிகள்.

"வேண்டாம். புது ஷூ" என்றாள் அம்மிணி.

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன சொன்னோம் என்பது அவளுக்கே பிறகுதான் உறைத்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. பக்கத்துப் போர்ஷன் நாகலக்ஷ்மி குனிந்து அவள் தோளைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் ஜம்புவுக்கு முப்பத்தொரு வயது. ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. வாரத்தில் ஆறு நாள் மாதுங்காக்காரர்கள் எல்லாரையும் போல டிபன் டப்பாவும் குடையுமாக ரயில் ஏறிப் போவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆள். இருட்டோடு எழுந்து, கம்பளி பனியனும் அரை டிராயரும் முழங்கால் வரை காலுறையும் மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தோளில் தூக்கி மூன்று மாடி இறங்குவான். அந்தப் பனியன் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. தோல் சீட்டும் அப்படித்தான். மேடு ஏற ஒரு பல்சக்கரம், சமதரைக்கு ஒன்று. கைக்கு விரலில்லாத உறை. எதற்கும் வீட்டில் அவன் சொல்லும் விலை பாதிதான். அம்மிணி அதை இரட்டிப்பாக்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவாள்.

ஷூ விஷயத்தில்தான் அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை. நாலு வயசாகியும் குழந்தை விசாலிக்குக் காது குத்தவில்லை. முதல் தடவை தோட்டுக்கு வைத்திருந்த பணம் டைனமோ விளக்காயிற்று. இரண்டாம் தடவை, போன மாதம், இந்த ஷூவாயிற்று. அடியில் இரும்புத் தகடு அடித்த, தரையில் நாலு அடி நடக்க முடியாத ஷூ.

"கொழந்தை தலைல கை வெச்சு சத்தியம் பண்ணுங்கோ" என்றாள் அன்றைக்கு. "தீபாவளி வரைக்கும் சைக்கிளுக்குன்னு ஒரு தம்பிடி செலவழிக்கப்படாது. ஒரு சாமான் வாங்கப்படாது."

"அதுக்கு என்னத்துக்குடி கொழந்தை தலை?"

"உங்க வாயை நான் நம்பலை."

அவன் சிரித்துக்கொண்டே விசாலியின் தலையில் கை வைத்தான். "சத்தியம். போதுமா?" என்றான். குழந்தை அதை ஏதோ விளையாட்டென்று நினைத்து, தானும் எக்கி அவன் தலையில் கை வைத்தாள்.

முடிச்சு அவிழ்ந்தது. அம்மிணி இரண்டு ஷூவையும் கழற்றினாள். காலுறை நனைந்து பாதத்தோடு ஒட்டியிருந்தது.

ஜம்புவின் அப்பா வேங்கடசுப்ரமணியன் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். லாரி வந்ததிலிருந்து அவர் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற கலீலுல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தாராவி ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருப்பவர்; ஜம்புவுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சிநேகிதர். கண்டாலா மலை இறக்கத்தில் ஜம்புவுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவர் அவர்தான். பன்வேல் போலீசில் காகிதம் வாங்கி லாரி பிடித்துக் கொண்டுவந்து சேர்த்ததும் அவர்தான். சட்டையில் ரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்தது.

"எப்படி ஆச்சு, சொல்லும்" என்றார் பெரியவர்.

"வளைவுல முன் டயர் வெடிச்சிருச்சு மாமா. ரோடு ஈரம். நேரா போய்க் கைப்பிடிச் சுவத்துல... ஒரு நிமிஷம்கூட இல்ல. கஷ்டப்படல."

"டயர் எப்படி வெடிக்கும்? சம்பளத்துல பாதியை அதுல கொட்டினானே. எல்லாம் ஒசத்தியான்னா வாங்கினான்?"

கலீலுல்லா வாயைத் திறந்தார். அப்போது அவர் கண் ஒரு கணம் அம்மிணியின் மேல் பட்டது. உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

"கல்லு மாமா. கூரா ஒரு கல்லு கெடந்துச்சு. யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும்."

பெரியவர் தலையை ஆட்டினார். கல் என்றதும் அவருக்கு ஏதோ கொஞ்சம் பாரம் இறங்கியது போலிருந்தது. "கல்லா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அம்மிணி ஷூவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாடிப்படி முகப்பில் சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. முன் சக்கரம் நசுங்கி எட்டுப் போல மடங்கியிருந்தது. கிழிந்த டயருக்கு உள்ளிருந்து வேறொரு பழைய டயரின் துண்டு பிதுங்கிக்கொண்டு நின்றது. நேற்றுச் சாயங்காலம் அவன் இந்த இடத்தில் உட்கார்ந்துதான் எதையோ வெட்டி உள்ளே வைத்து ஒட்டிக்கொண்டிருந்தான். காபி கொண்டுவந்து கொடுத்தவள் நின்று பார்த்தாள். டயரில் ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது. அவன் ஏதாவது கேட்பான் என்று நினைத்தாள். கேட்டால் கொடுப்பதில்லை என்றும் நினைத்துக்கொண்டாள். அவன் கேட்கவில்லை. "காபி நன்னாருக்கு" என்றான்.

கலீலுல்லா பின்னாலேயே வந்து நின்றார்.

"கல்லு இல்லையே" என்றாள் அம்மிணி.

கீழே பூக்காரன் வந்து யார் வீடு என்று விசாரிக்கும் குரல் கேட்டது.

"சொல்லுங்கோ. நான் நேத்திக்கே பார்த்தேன்."

"பாபி, வேணாம்." அண்ணி முறை வைத்து அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

"சொல்லுங்கோ."

"ரெண்டு வாட்டி சொன்னேன் பாபி. கடையில புது டயர் இருக்கு, மாட்டிக்கிட்டுப் போங்க, காசு வேணாம், சும்மா எடுத்துக்கங்கன்னேன். இந்த டயரோட மலை எறங்கக் கூடாதுன்னேன்." மடங்கிய சக்கரத்தைத் தொட்டார். "'வாங்கக் கூடாது கலீல், கொழந்தை தலைல கை வெச்சுட்டேன்'னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நானும் விட்டுட்டேன். நான் விட்டிருக்கக் கூடாது."

அம்மிணி ஷூவைச் சைக்கிளின் அருகில் ஜோடியாக வைத்தாள். ஒன்று சரிந்தது. அதை நிமிர்த்தி வைத்தாள்.

"மாமா கேட்டா கல்லுதான்" என்றார் கலீலுல்லா. "யார் கேட்டாலும் கல்லுதான். என் உசுரு இருக்கற வரைக்கும்."

உள்ளேயிருந்து நாகலக்ஷ்மி விசாலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அம்மாகிட்டப் போகணும்கறது, கொஞ்சம் வாங்கிக்கோ" என்றாள். அம்மிணி வாங்கிக்கொண்டாள். குழந்தை தோளில் சாய்ந்தது. தூக்கத்தில் கலைந்த முடி கண்ணில் விழுந்துகிடந்தது. ஒதுக்கிவிடப் போன அம்மிணியின் கை பாதியில் நின்றது. குழந்தையின் முதுகில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தண்ணீர் கொண்டுவந்தார்கள். கம்பளி பனியனைக் கத்திரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. குளிப்பாட்டி வேஷ்டி கட்டி விபூதி இட்டதும் அவன் ஆபீசுக்குக் கிளம்புகிறவன் போல ஆகிவிட்டான். பெரியவர் அப்போதுதான் மகனின் முகத்தைப் பார்த்தார். "கல்லுடி அம்மிணி" என்றார் அவளிடம், ஆறுதல் சொல்வது போல. "நம்ம கையில என்ன இருக்கு?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

எடுத்துப் போனபோது பெண்கள் பால்கனிக்கு வந்தார்கள். அம்மிணியை யாரும் தடுக்கவில்லை. தெருவில், தூக்கிச் சென்றவர்களுக்குப் பின்னால் ஒரு பத்துப் பதினைந்து ஆண்கள் சைக்கிளோடு போய்க்கொண்டிருந்தார்கள். பார்சி, மராட்டி, கோவாக்காரர்கள், தாராவியிலிருந்து வந்த தமிழ் ஆட்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். செய்தி கேட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்கள். பாதிப் பேர் இன்னும் கலர் கலரான பனியனில் இருந்தார்கள். ஒருவரும் ஏறவில்லை. எல்லாரும் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். இரும்புத் தகடு அடித்த ஷூக்கள் கல் பாவின ரோட்டில் வழுக்கி வழுக்கிப் போயின.

"அவா ஏன் ஓட்டலை?" என்று கேட்டாள் விசாலி.

ஊர்வலம் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் திரும்பியது. கடைசிச் சைக்கிளும் கண்ணுக்கு மறைந்த பிறகுகூட, உருளும் சக்கரங்களின் கிர்ரென்ற மெல்லிய சத்தம் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு டிராம் மணி அடித்துக்கொண்டு குறுக்கே போயிற்று.