நேவிஸுக்கு வாசித்த ஓலை

நேவிஸ் திருத்தொண்டராகப் பட்டம் பெற இரண்டு மாதம் இருந்தது. பாதிரியாராகும் குருப்பட்டத்துக்கு முந்தைய படி அது. வழக்கப்படி, மண்டபம் டவுனுக்குப் பக்கத்திலிருந்த அவன் சொந்த ஊர்க் கோயிலில் ஞாயிறு பூசையில் அவன் பேரில் ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அப்படி யாரும் வந்து தெரிவித்ததாக ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை.

இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தை கஸ்பாரிடம் ஒருத்தி வந்து நின்றாள். நேவிஸின் அக்கா பிரிசில்லா. நண்டு கம்பெனியில் வேலை பார்ப்பவள்.

"அவன் குத்தம் எதுவும் செய்யல சாமி. ஆனா அவன யாருமே கேக்கல" என்றாள்.

பிறகு நடந்ததைச் சொன்னாள். நேவிஸுக்கு ஆறு வயதிருக்கும்போது அப்பா போன படகு கவிழ்ந்தது. மூன்று நாள் தகவல் இல்லை. அம்மா செல்வமேரி அந்தோணியார் கோயிலில் விழுந்து, புருசன் உயிரோடு வந்தால் மகனைச் சாமியாராக்குவதாக நேர்ந்துகொண்டாள். நான்காம் நாள் அப்பா வந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அவனைச் 'சின்னச் சாமி' என்றுதான் கூப்பிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பெட்டியைக் கட்டிக் குருமடத்தில் படிக்க அனுப்பினார்கள்.

கஸ்பார் இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவில்லை. யாரையும் கட்டாயத்தால் குருவாக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். குருமட அதிபருக்குக் கடிதம் எழுதினார்.

கடிதம் போய்ச் சேர்ந்த அன்று மாலையே நேவிஸ் அக்காவுக்குப் போன் செய்தான்.

"பத்து வருசம் படிச்சு முடிக்கப்போற நேரத்துலதான் ஒனக்கு இது தோணுச்சா?"

"அம்மா நேந்துக்கிட்டப்பவே தோணுச்சு. எனக்கு அப்பப் பதினோரு வயசு. சொன்னா யாரு கேப்பா?"

அவன் போனை வைத்துவிட்டான்.

பட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் தன் விருப்பத்தின் பேரிலேயே வருவதாகக் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். அதிபர் தாளைக் கொடுத்தார். பேரும் ஊரும் எழுதிய நேவிஸ், 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி' என்ற இடத்தில் நின்றுவிட்டான். இத்தனை வருடத்தில் அவன் தகுதியைப் பற்றி நூறு பேர் கேட்டிருக்கிறார்கள். விருப்பத்தைப் பற்றி அவனே கேட்டுக்கொண்டதில்லை. மறுநாள் தாளைத் திருப்பிக் கொடுத்தான். எழுதினால் அது பொய்யென்று சொல்ல முடியவில்லை, உண்மையென்றும் தெரியவில்லை என்று சொல்லி, ஒரு வருடம் அவகாசம் கேட்டான். அதிபர் சம்மதித்தார்.

செல்வமேரி மகளோடு பேச்சை நிறுத்தினாள். நேர்ச்சை தவறினால் கடல் புருசனைத் திரும்பக் கேட்கும் என்று பயந்தாள். அவரோ எப்போதும்போல் தொழிலுக்குப் போய் வந்தார்.

நேவிஸ் கீழக்கரையில் கூரியர் வேலைக்குச் சேர்ந்தான். வளைகுடாவிலிருந்து வரும் பார்சல்களைப் பைக்கில் கொண்டுபோய்க் கொடுப்பான். குருமடத்தில் கூப்பிட்டதுபோல் அங்கே அவனை யாரும் 'பிரதர்' என்று கூப்பிடவில்லை. இரண்டு ஞாயிறு வேண்டுமென்றே பூசைக்குப் போகாமல் இருந்து பார்த்தான். மூன்றாம் ஞாயிறு போய்க் கடைசியில் உட்கார்ந்தான். அடுத்த வாரமும் போனான். பாதிரியார் ஆவதைத் தவிர வேறென்ன செய்யலாம் என்று பல மாதம் யோசித்தான். ஆசிரியர் வேலைகூடப் பிடித்திருந்தது. ஆனாலும் மனம் குருமடத்துக்கே திரும்பியது.

ஒன்பதாம் மாதம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னான்.

"நான் திரும்பப் போறேன்மா. நீ நேந்துக்கிட்டதுக்காக இல்ல. எனக்காகப் போறேன்."

செல்வமேரி அதில் பாதியைத்தான் காதில் வாங்கினாள். நேர்ச்சை நிறைவேறப்போகிறது என்று தெருவெல்லாம் சொல்லி வந்தாள். பிரிசில்லா அதைத் திருத்தவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் நேவிஸ் நண்டு கம்பெனி வாசலில் அக்காவுக்காகக் காத்திருந்தான். வேலை முடிந்து வந்தவளோடு எதிர்க்கடையில் டீ குடித்தான்.

"இன்னும் கோவமா?" என்று அவள் கேட்டாள்.

"கொஞ்சம் இருக்கு" என்றான்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஊருக்குப் போகும் பஸ் வந்ததும் இருவரும் ஏறினார்கள். ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் நின்றுகொண்டான்.