குளிர்பெட்டியில் வைத்த புழு

தண்ணீரில் கரையும் செயற்கைத் தூண்டில் புழு செய்யத்தான் அவளுடைய அக்காள் கணவர் பட்டறை போட்டார். அடுப்போரத்தில், குவளைத் தண்ணீரில் போட்ட மாவில் வார்த்த புழு பத்தே நாளில் கரைந்தது. அன்றிலிருந்து, எப்படியும் கரைந்துவிடும் என்று, அச்சில் கோணலாக விழுந்த புழுக்களை வாளி வாளியாக ஏரியில் கொட்டிவந்தார்.

அங்கே அச்சு வார்க்கும் அவளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஏரித் தண்ணீர் கையை விறைக்கவைக்கும். அதனால் இன்னொரு குவளைத் தண்ணீரில் ஒரு புழுவைப் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். இன்று எடுத்துப் பார்த்தால், விரலளவு புழு கரையாமல் குவளை நிறைய ஊதிக் கிடந்தது.

“மச்சான், இது கரையவே இல்ல. உப்பிப்போச்சு.”

“அதை யாரு ஃப்ரிட்ஜுல வைக்கச் சொன்னது? ஐஸ்கிரீமா அது?” வாளியும் கையுமாக அவர் சிரித்தார்.

“ஏரி என்ன அடுப்போரமாவா இருக்கு?”

சிரிப்பு நின்றது. இருவரும் கரைக்கு ஓடினார்கள். தண்ணீர் அலையில்லாமல் கிடந்தது. ஓரத்தில் ஒரு மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. அவள் எடுத்து அமுக்கினாள். வயிறு ரப்பர் பந்துபோல விரலைத் திருப்பித் தள்ளியது.

“இதுவரைக்கும் எத்தனை வாளி கொட்டினீங்க, மச்சான்?”

அவர் வாளியைக் கீழே வைத்தார். நடு ஏரியில் இன்னொரு வெள்ளை மேலே வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.