நூறு முதலாளிகளின் குதிரை

எட்டு மாடிக் குடியிருப்பின் உச்சியில், மோட்டார் அறையில் குனிந்து நின்று லிஃப்டின் இரும்புக் கயிற்றைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார் லிஃப்ட் மெக்கானிக். ஓரிடத்தில் துணி மாட்டிக்கொண்டது. கயிற்றில் இரண்டு இழைகள் அறுந்து முள்ளாகத் துருத்தி நின்றன. அவர் யோசிக்கவே இல்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ‘லிஃப்ட் ஓடாது’ என்ற அட்டையுடன் கீழே இறங்கினார்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு? இன்னிக்கு ஒருநாள் ஓட்டிட்டு நாளைக்குப் பாருங்களேன்" என்று மல்லுக்கு நின்றார் ஏழாம் மாடிக்காரர்.

"நாளைக்குப் பாக்க நீங்க முழுசா இருக்கணும் இல்லீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஏழாம் மாடிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே படியேறினார்.

அந்த நேரத்தில்தான் மெக்கானிக் செல்போனை எடுத்துப் பார்த்தார். ‘மின்னியின் முதலாளிகள்’ குழுவில் மச்சான் அனுப்பிய சேதி, ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. ‘முக்கியமான விஷயம், எல்லாரும் படிக்கவும்’ என்ற முதல் வரியையும், ‘ஞாயிற்றுக்கிழமை மின்னி ஓடலாம் என்பவர்கள் கட்டைவிரல் போடவும்’ என்ற கடைசி வரியையும் மட்டும் மெக்கானிக் படித்தார். அதற்குள் ஐம்பது அறுபது கட்டைவிரல்கள் விழுந்திருந்தன. ஊரோடு ஒத்துப் போவதில் என்ன நஷ்டம்? கிரீஸ் படிந்த விரலால் தானும் ஒன்றைப் போட்டுவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மின்னி ஒரு பந்தயக் குதிரை. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கீற்று, நான்கு வயது. மச்சான் மெக்கானிக்கின் மனைவிக்கு அண்ணன், வீடு வாங்கி விற்கும் தரகர். ஒரு குதிரையை நூறு பங்காக்கி நூறு பேருக்கு விற்கலாம் என்ற யோசனையை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான். "யானை கட்டித் தீனி போட நம்மால முடியாது மாப்ளே. குதிரையில ஒரு பங்காவது வெச்சுக்குவோமே" என்றார். சம்பாதிப்பதற்காக யாரும் சேரவில்லை. மாதம் ஒருமுறை லாயத்துக்குப் போகலாம், கழுத்தைத் தடவிப் படம் எடுத்துக்கொள்ளலாம். மின்னி ஓடும் நாளில் ‘உரிமையாளர்’ என்று அச்சடித்த அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு வேலிக்கு உள்ளே நிற்கலாம். அடுத்தவர் வீட்டு லிஃப்டிலேயே ஆயுள் முழுக்க ஏறி இறங்கிய மனிதருக்கு, "எங்க குதிரை" என்று சொல்லும்போது உள்ளுக்குள் ஓர் இனிப்பு ஊறத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு ரேஸ் கோர்ஸுக்குப் போனார். பந்தயத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கூட்டம் சேருமுன் மின்னிக்குக் கேரட் கொடுத்துவிட்டு வரலாம் என்று லாயத்துப் பக்கம் தனியாக நடந்தார்.

மின்னியைப் பராமரிக்கும் குதிரைக்காரர் தரையில் உட்கார்ந்து, அதன் முன்னங்காலில் பனிக்கட்டி கட்டிய துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அவ்வளவாகப் பேச மாட்டார் என்பதால் லாயத்தில் அவருக்கு ‘மௌனி’ என்று பெயர். மெக்கானிக்கைப் பார்த்ததும் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"என்னாச்சுங்க காலுக்கு?"

மௌனி துணியைக் கீழே வைத்தார். இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கின் கையைப் பிடித்து இழுத்து, முதலில் குதிரையின் வலது காலில் வைத்தார். பிறகு இடது காலில். பனிக்கட்டி வைத்த பிறகும் இடது கால் கொதித்தது.

"நாலு நாளா இப்படித்தான். நேத்து வரைக்கும் நொண்டிச்சு. இன்னிக்குக் காலையில டிரெய்னர் ஊசி போட்டாரு. இப்ப நொண்டல."

"வலி போச்சுன்னா நல்லதுதானே?"

"வலி போச்சுன்னா நோவு போச்சா? அதுக்கு வலி தெரியாதுங்க. முழு வேகத்துல ஓடும். எலும்பு உள்ளே விரிசல் விட்டிருந்தா பாதி ஓட்டத்துல படார்னு முறியும். மேல உக்காந்திருக்கிற ஜாக்கி தலைகுப்புற விழுவாங்க. பின்னாடி எட்டு குதிரை வரும்."

மெக்கானிக்கின் கையில் இருந்த கேரட் நழுவியது. "ரேஸ் அன்னிக்கு ஊசி போடவே கூடாதுன்னு சொல்வாங்களே!"

"கூடாதுதான்."

"நீங்க டிரெய்னர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். முதலாளிங்க வேண்டாம்னா நிறுத்திடறேன்னாரு. முதலாளி யாருங்கன்னு கேட்டேன். நூறு பேருன்னு சொல்லிச் சிரிச்சாரு."

மெக்கானிக் போனை எடுத்து, புதன்கிழமை வந்த சேதியை முதல்முறையாக முழுதாகப் படித்தார். நடுவில் இருந்தது: ‘முன்னங்காலில் கொஞ்சம் சூடு. மருந்து கொடுத்துச் சமாளிக்கலாம் என்கிறார் டிரெய்னர்.’ அதன் கீழே தொண்ணூற்று மூன்று கட்டைவிரல்கள். அவற்றில் ஒன்று அவருடையது. கயிற்றில் இரண்டே இழை அறுந்ததற்காக எட்டு மாடி ஜனத்தைப் படியேற வைத்தவர், ஓர் உயிரின் காலைப் பற்றி எழுதியிருந்ததைப் படிக்கக்கூட இல்லை.

ஓடினார். மச்சான் வேலியோரம் பங்குதாரர்களைப் படத்துக்கு நிற்க வைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், குதிரையை நிறுத்துங்க. கால் கொதிக்குது. ஊசி போட்டு இறக்குறாங்க."

மச்சானின் சிரிப்பு சட்டென்று வற்றியது. அவர் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "மெதுவாப் பேசு. எல்லாரும் குடும்பத்தோட வந்திருக்காங்க. இப்ப நிறுத்தினா என் மானம் கப்பலேறிடும்."

"மேல ஒரு பொண்ணு உக்காரப் போறா மச்சான்!"

"அது அவங்க தொழில். நீயும்தானே சரின்னு போட்ட? நூறு பேர் எடுத்த முடிவை நீ ஒருத்தன் மாத்துவியா? உன் பங்கு என்ன? நூத்துல ஒண்ணு. அதுக்குத் தக்கன பேசு."

ஒலிபெருக்கி மின்னி ஓடும் பந்தயத்துக்கு ஜாக்கிகளை அழைத்தது. மின்னியின் ஜாக்கி சேணத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு எடை பார்க்கும் அறையிலிருந்து வெளியே வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். மெக்கானிக் குறுக்கே போய் நின்றார்.

"அம்மா, குதிரைக்கு இடது கால் சரியில்ல. ஊசி போட்டிருக்காங்க. நீங்க ஏறாதீங்க."

அவள் முகம் வெளுத்தது. ஆனால் வியப்பு அதில் இல்லை. "புதன்கிழமைப் பயிற்சியிலயே சந்தேகமாத்தான் இருந்துது. நான் மாட்டேன்னு சொன்னா அடுத்த வாரத்துலேர்ந்து எனக்குக் குதிரை தர மாட்டாங்க சார். வேற யாராவது ஏறுவாங்க. நீங்க முதலாளிதானே? நீங்க நிறுத்துங்க."

இன்னும் இருபத்தைந்து நிமிடம். மனைவி மகளின் கையைப் பிடித்தபடி சற்றுத் தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மெக்கானிக் அவளைப் பார்த்தார். மச்சான் அவளுடன் கூடப் பிறந்தவர் மட்டுமல்ல. அவர்கள் கல்யாணத்தையே முன்நின்று நடத்தியவர்.

"பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே" என்றாள் அவள். "அண்ணனை நான் சமாளிச்சுக்கறேன். போங்க."

எந்தக் குதிரையையும் பந்தயத்திலிருந்து நிறுத்தும் அதிகாரம் உள்ள ரேஸ் கோர்ஸ் கால்நடை மருத்துவரின் அறை மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. மூச்சிரைக்க வந்து நின்ற மனிதரின் சட்டையில் இருந்த அட்டையை மருத்துவர் உற்றுப் பார்த்தார்.

"எத்தனை பங்கு?"

"ஒண்ணு."

"மத்தவங்க?"

"தெரியாது சார். நான் ஒருத்தன் சொல்றேன். எங்க குதிரையைச் சோதிச்சுப் பாருங்க."

"வாயால சொன்னா போதாது. எழுதிக் கையெழுத்துப் போடணும். பொய்ப் புகார்னு ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும். உங்களையும் விசாரிப்பாங்க."

"விசாரிக்கட்டும். நானும் சரின்னு சொன்னவன்தான். அதையும் எழுதித் தர்றேன்."

அவசரத்தில் எழுத்துகள் கோழி கிறுக்கியதுபோல விழுந்தன. மருத்துவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஜாக்கி மின்னியின் மேல் ஏறிவிட்டாள். முதல் குதிரை பாதைக்குள் இறங்கிவிட்டது. "ஆறாம் எண், மின்னி, நில்லு!" என்று மருத்துவர் கத்தினார். டிரெய்னர் பாய்ந்து வந்தார். "என்ன சார் இது, கடைசி நேரத்துல? நல்லா நடக்குது பாருங்க." மருத்துவர் காதில் வாங்கவில்லை. ஜாக்கியை இறங்கச் சொன்னார். குனிந்து இடது காலைத் தடவி, ஓரிடத்தில் கட்டைவிரலால் அழுத்தி, அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்து தலையை அசைத்தார்.

"இது ஓடாது. ரத்தம் எடுங்க. எக்ஸ்ரேக்குக் கொண்டுபோங்க."

மௌனி கடிவாளத்தைப் பிடித்து மின்னியைத் திருப்பி நடத்தினார். அவர் கன்னத்தில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. வேலியோரம் நின்ற பங்குதாரர்கள் மெக்கானிக்கைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. "விளையாட்டுக்குச் சேர்ந்த இடத்துல இவன் எங்கேர்ந்து வந்தான்?" என்று யாரோ காது படச் சொன்னார்கள். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனியாகப் போய்விட்டார்.

மாலையில் எக்ஸ்ரே வந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழைபோல ஒரு விரிசல், இரண்டு விரல் நீளத்துக்கு. முழு வேகத்தில் முந்நூறு அடிகூடத் தாங்கியிருக்காது என்றார் மருத்துவர். ரத்தத்தில் மருந்தும் அகப்பட்டது. டிரெய்னரின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். விசாரணையில் மெக்கானிக்கும் மச்சானும் தலைகுனிந்து நின்று எச்சரிக்கை வாங்கிக்கொண்டார்கள். மௌனிக்கு வேறொரு லாயத்தில் வேலை கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மின்னியை என்ன செய்வது என்று பேச முப்பது பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் பங்கே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்கள். மின்னி கட்டுப்போட்ட காலுடன் வைக்கோலில் நின்றிருந்தது. இனி அது ஓடாது, ஆனால் பிழைத்துக்கொள்ளும். அதைச் சாகும்வரை வைத்துக் காப்பாற்றுவது என்று முடிவாயிற்று. மச்சான் எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"யாரைக் குத்தம் சொல்றது?" என்றார் கம்மிய குரலில். "நூறு பேர் சேர்ந்துதானே சொன்னோம்."

"என்னைச் சொல்லுங்க மச்சான்" என்றார் மெக்கானிக். "நான் நிறுத்தினேன்னு எனக்குப் பெருமையே இல்ல. மத்த தொண்ணூத்தொம்பது பேர் பாத்துக்குவாங்கன்னு படிக்காமலே சரின்னு போட்டவன் நான். அவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க. கடைசியில அந்தக் குதிரையைப் பாத்துக்க ஒருத்தருமே இல்லாமப் போயிட்டோம்."

மின்னியைப் பார்க்க வந்திருந்த ஜாக்கி அதன் கழுத்தில் கை வைத்தபடி திரும்பினாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"நீங்க நூறு பேரும் குதிரையைப் பங்கு போட்டுக்கிட்டீங்க. அன்னிக்கு நான் விழுந்திருந்தா என் உசிரை நூறு பங்காப் போட்டு நீங்க திருப்பித் தர முடியுமா? சந்தோஷத்தை எத்தனை பங்கு வேணும்னாலும் போட்டுக்குங்க சார். பொறுப்பை மட்டும் பங்கு போடாதீங்க. அதை ஒவ்வொருத்தரும் முழுசா வெச்சுக்கணும்."