தேடாதவள்

“பொறவு அவன் எங்கதான் போனான்?” என்று கேட்டான் இசக்கிராஜா. ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்துகொண்டே, இடது கையால் நாலாவது தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தான். ஒன்றுமில்லை. மருந்துக் கம்பெனிக்காரர்கள் கடையில் கொடுத்துவிட்டுப் போகும் தாள்களில்தான் அவன் மனைவி சங்கரேஸ்வரி தன் நாவலைத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் சர்க்கரை நோய் மாத்திரை ஒன்றின் பெயர் நீல எழுத்தில் இருந்தது.

“அது நாவல்ல வராதுங்க. அவன் போயிட்டான். அவ தேடல. அதுதான் கதை.”

“தேடலன்னா? கெட்டுன புருசன் காணாமப் போனா எவளாவது தேடாம இருப்பாளா?” சொல்லிவிட்டு அவன் நிமிர்ந்தான். “ஏட்டி, இது முத்துமாரி மதினி கதையில்லா?”

“பேரெல்லாம் மாத்தியிருக்கேன்.”

“பேர மாத்திட்டா யாருக்கும் தெரியாதாக்கும்” என்றவன், தாள்களைத் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். செம்பின் ஈரம் முதல் தாளில் வட்டமாக ஊறியது. அவள் தாள்களை எடுத்து மின்விசிறிக்கு அடியில் காயவைத்தாள். எரிச்சலாக இருந்தது. பதினாலு வருடமாக மருந்துக் கடையில் நின்று, ஊரில் யார் யாருக்கு என்ன வியாதி என்றெல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருப்பவள் அவள். முதல்முறையாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருந்தது. அதற்கு இந்தக் கேள்விதான் கிடைத்தது.

எட்டு வருடத்துக்கு முன்னால், பருத்திக்கு மருந்து வாங்கிவருகிறேன் என்று கிளம்பிப்போன அத்தான் நல்லக்கண்ணு திரும்பி வரவில்லை. கொழுந்தன்மார் புகார் கொடுத்தார்கள், நாலு பக்கமும் அலைந்தார்கள், ஆறு மாதத்தில் ஓய்ந்தார்கள். அக்கா முத்துமாரியம்மாள் எங்கேயும் போகவில்லை. மூன்றாம் நாள் காலை திருவேங்கடத்தில் தான் வேலைபார்க்கும் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்குப் போய்விட்டாள். துணைக்கு வந்திருந்த சங்கரேஸ்வரி பின்னாலேயே ஓடியபோது, அவள் படியால் அரிசி அளந்துகொண்டிருந்தாள். ஒரு படி, இரண்டு படி என்று தலைதட்டி அளந்த அந்தக் கையில் நடுக்கமே இல்லை. அந்தக் கையிலிருந்துதான் நாவல் தொடங்கியது. போனவனைப் போகவிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்த ஒருத்தி. அவளைப்பற்றி யாரும் எழுதியதில்லை என்று சங்கரேஸ்வரி நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு தாளையும் எடுத்துக்கொண்டு அய்யாத்துரை சாரைப் பார்க்கப் போனாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வடக்கு ரத வீதியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் மாதம் இரண்டு முறை வாசகர்களைக் கூட்டுவார். அன்றைக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். கரும்பலகையில் யாரோ பாதி போட்ட கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. சார் தாள்களைச் சத்தமாகப் படித்தார். அவள் நிறுத்தாத இடத்தில் நிறுத்தினார், நிறுத்திய இடத்தில் ஓடினார். தன் வாக்கியங்கள் அடுத்தவர் வாயில் இவ்வளவு தட்டையாகக் கேட்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“நல்ல முயற்சிம்மா” என்று கண்ணாடியைக் கழற்றினார். “ஆனா காரணம் வேணும்லா? ஒண்ணு, அவன் அடிக்கவனா இருக்கணும். இல்ல, இவளுக்கு வேற ஒருத்தர் மேல மனசு இருக்கணும். காரணமில்லாம தேடாத பொம்பளைய வாசகன் நம்ப மாட்டான்.”

“காரணமே இல்லாம, தேட வேண்டாம்னு தோணியிருக்கலாம்லா சார்?”

“வாழ்க்கையில தோணலாம். நாவல்ல தோணக் கூடாது.” எல்லோரும் சிரித்தார்கள்.

வங்கியில் வேலைபார்க்கும் அபிஷேக், “மேடம், அவதான் அவன கொன்னுட்டான்னு கடைசியில வச்சா எப்படி இருக்கும்? வெப் சீரிஸுக்கே கொடுக்கலாம்” என்றான். இன்னொருவர், கரிசல் விவசாயத்தின் வீழ்ச்சியை உள்ளே கொண்டுவரலாம் என்றார். ஏழு பேருக்கும் அக்காவைப்பற்றிச் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. அவள் குறித்துக்கொள்வதைப்போலப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எழுதவில்லை. மாடிப்படி இறங்கும்போதுதான், பல்லைக் கடித்துக்கொண்டே இருந்ததில் தாடை வலிப்பது தெரிந்தது.

அன்று சாயங்காலமே அய்யாத்துரை சார் அந்த நாலு தாளையும் படமெடுத்து வாசகர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ‘நமது சகோதரி எழுதவிருக்கும் நாவல், கருத்துகள் வரவேற்கப்படுகின்றன.’ அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கருத்துகளாகப் பதினேழு கைகூப்பும் படங்கள் வந்தன.

புதன்கிழமை மதியம் முத்துமாரியம்மாள் கடைக்கு வந்தாள். சொல்லாமல் வருகிறவள் இல்லை. சங்கரேஸ்வரி கல்லாவைக் கூட வேலைபார்க்கும் வள்ளித்தாயிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, அக்காவைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல்தான் இருந்தது. அக்கா அதில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

“எங்க ஹெட்மாஸ்டர் அந்த குரூப்புல இருக்காராம்லா. ஒந் தங்கச்சி எழுதியிருக்கான்னு பெருமையாப் படிச்சுக் காட்டுனாரு. சமையல்காரிங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு நின்னாளுவ.”

“அக்கா, நான் அத அங்கன போடச் சொல்லல. சத்தியமா…”

“இரு, ஏட்டி. நல்லாத்தான் இருக்கு. அரிசி அளந்தத எழுதியிருக்க பாரு, அது எனக்கே ஞாபகமில்ல.” அக்கா ஒரு பெட்டியின் மேலிருந்த தூசியை விரலால் தள்ளினாள். “ஒண்ணு மட்டும் தப்பு.”

“என்னதுக்கா?”

“அவ தேடலன்னு எழுதியிருக்க.”

முன்பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். வள்ளித்தாய் எத்தனை வயதுக்கு என்று விசாரித்தாள்.

“மாசத்துக்கொரு ஞாயிறு இருக்கன்குடி கோயிலுக்குப் போறேன்னு சொல்லுவேன்லா? அங்க ரெண்டு தடவதான் போயிருப்பேன். கோவில்பட்டி, ராஜபாளையம், தேனின்னு போவேன். ஒருக்க திருப்பூர் வரைக்கும் போயிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, கெட்டட வேல நடக்குத எடம், எல்லா எடத்துலயும் கேப்பேன். கல்யாணப் போட்டோவக் காட்டுனா சிரிப்பாங்க, அதுல அவருக்கு மீசையே கெடையாது. பொறவு வாக்காளர் அட்டையில உள்ள படத்தப் பெருசு பண்ணி எடுத்துட்டுப் போனேன். ஆறு வருசம்.”

“எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

“தேடலன்ன ஒடனே எல்லாரும் என்ன ஒரு மாதிரி பாத்தீங்க. பயமும் மரியாதயுமா. தேடி அலையுதான்னு தெரிஞ்சா, அய்யோ பாவம்னு பாப்பீங்க. எனக்கு இதுவே நல்லா இருந்துச்சு.” கொஞ்சம் நிறுத்தி, சாதாரணமாகவே கேட்டாள்: “நீ ஒரு தடவையாச்சும் கேட்டியா சங்கரி?”

சங்கரேஸ்வரிக்கு முதலில் வந்தது கோபம்தான். எட்டு வருடம் மறைத்துவிட்டு, எழுதத் தொடங்கிய பிறகு வந்து சொல்கிறாளே என்ற கோபம். அக்காவின் ஒரே வரியில் நாலு தாளும் பொய்யாகிப் போயின. அவமானம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவள் கேட்டதே இல்லை. கேட்டால் கிடைக்கும் பதில் தனக்குப் பிடிக்காமல் போய்விடலாம் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்ததோ என்னவோ. கடையில் கால் கடுக்க நிற்கும்போது, வீட்டில் சொன்னதையே பத்துமுறை சொல்லும்போது, எல்லாவற்றையும் போனால் போகட்டும் என்று விட்டுவிட முடிகிற ஒருத்தி இந்த உலகத்தில் இருக்கிறாள், அவள் என் கூடப்பிறந்தவள் என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பு அவளுக்கு வேண்டியிருந்தது. ஏழு பேரும் அவரவருக்கு வேண்டிய ஒருத்தியைக் கேட்டார்கள் என்று எரிச்சல்பட்டவள், தானும் அதையேதான் செய்திருந்தாள்.

“இன்னும் தேடுதியாக்கா?”

“இல்ல. விட்டு ரெண்டு வருசமாச்சு.”

“நான் இத எழுதல. கிழிச்சுப் போட்டுருதேன்.”

“எதுக்குக் கிழிக்க?” அக்கா எழுந்து சேலையை உதறிச் சரிசெய்தாள். “எழுதுனா தேடலன்னே எழுது. அப்பிடி ஒருத்தி இருந்தா எப்பிடி இருப்பான்னு எனக்கும் படிக்கணும்போல இருக்கு.”

இனி தேடியவளை எழுதினால் அது அக்கா மறைத்துவைத்ததை ஊருக்குக் காட்டுவதாகும். தேடாதவளை எழுதலாம் என்றால், அரிசி அளந்த அந்தக் கையை இனி நம்ப முடியாது. இதையெல்லாம் அக்காவிடம் கத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது சங்கரேஸ்வரிக்கு. “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா” என்று மட்டும் சொன்னாள்.

பேருந்து நிலையத்தில் திருவேங்கடம் வண்டி நின்றுகொண்டிருந்தது. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சங்கரேஸ்வரி கீழே நின்று, ஹெட்மாஸ்டரிடம் தான் பேசுவதாகச் சொன்னாள். அக்கா தலையாட்டினாள். ஆனால் அவளைப் பார்க்கவில்லை. நிழற்கூரைக்கு அடியில் ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். சைக்கிள் டயரைத் தோளில் மாட்டியிருந்தவர், சுவரில் சாய்ந்து தூங்கியவர், முகத்தைத் துண்டால் மூடியிருந்தவர். அக்காவின் கண்கள் ஒவ்வொரு முகமாகத் தொட்டு, அளந்து, அடுத்ததுக்கு நகர்ந்தன. துண்டால் மூடியிருந்தவரிடம் வந்ததும் நின்றன. நடத்துநர் விசில் அடித்தார். வண்டி நகர்ந்தது. அந்த மனிதர் துண்டை எடுக்கிறாரா என்று பார்க்க, அக்கா ஜன்னல் கம்பியில் கன்னம் அழுந்த, தலையைப் பின்னால் திருப்பிக்கொண்டே போனாள்.